பிளேட்லெட் கவுன்ட் நார்மல்... பி.டி.டபிள்யூ மட்டும் ஹை... பயப்படணுமா?

காய்ச்சல்னு ரத்தப் பரிசோதனை எடுத்திருப்பீங்க. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனா அதுக்குக் கீழே 'பி.டி.டபிள்யூ' மட்டும் தடித்த எழுத்தில் மிரட்டும். கூகுளில் தேடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பி.டி.டபிள்யூ என்றால் என்ன?

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்தான் பிளேட்லெட். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. இவை எல்லாம் ஒரே அளவில் இருக்காது. சராசரி அளவைச் சொல்வது எம்.பி.வி, அளவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சொல்வது பி.டி.டபிள்யூ.

பிளேட்லெட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள்கள்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வருபவை பொதுவாகக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். டெங்குவிலிருந்து மீளும்போது புதியவை வேகமாக உருவாகும். அப்போ பெரிசும் சிறிசும் கலந்திருப்பதால் பி.டி.டபிள்யூ கூடலாம்.

ட்யூபும் ஏமாற்றும்!

ரத்தம் எடுக்கும் ஊதா மூடி ட்யூபில் ஈ.டி.டி.ஏ என்ற ரசாயனம் இருக்கும். அதில் நேரம் ஆக ஆக பிளேட்லெட்டுகள் உப்பும். கும்மிடிப்பூண்டியில் எடுத்த சாம்பிள் சென்னை லேபுக்குப் போய்ச் சேர தாமதமானால், அளவுகள் மாறிடலாம். மெஷினுக்கு மெஷின் நார்மல் அளவும் வேறுபடும். அதனால, உங்க ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் அளவோடு மட்டும் ஒப்பிடுங்க.

வேலூர் சொன்ன பாடம்

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ரத்த தானம் செய்பவர்கள் சிலருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாகவும், அளவு பெரிதாகவும் இருப்பதை வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 2002-ல் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு ரத்தக்கசிவுத் தொல்லை எதுவும் இல்லை, உடல்வாகே அப்படி. இதற்குப் பின்னாளில் 'ஹாரிஸ் பிளேட்லெட் சிண்ட்ரோம்' என்று பெயர் வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வடமாநில நண்பர்களோடு வேலை பார்க்கிறீங்களா? இது அவங்களுக்கும் தெரியணும். இயல்பையே நோய்னு நினைச்சா, தேவையில்லாத ஸ்டீராய்டு சிகிச்சை வரை போகலாம். மிகப் பெரிய பிளேட்லெட்டை மெஷின் சிவப்பணு என எண்ணி, கவுன்ட்டைக் குறைத்துக் காட்டவும் வாய்ப்புண்டு.

என்ன செய்யணும்?

* கவுன்ட் நார்மல், உடம்பிலும் தொந்தரவு இல்லை என்றால், பி.டி.டபிள்யூவை மட்டும் பார்த்து எந்த நோயையும் முடிவு செய்ய முடியாது. அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது காட்டினால் போதும்.

* கவுன்ட் குறைவு என்றால், 'ஸ்மியர் பார்க்கலாமா?' என்று டாக்டரிடம் கேளுங்க. ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் ஸ்மியர். பிளேட்லெட் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கா, உண்மையிலேயே குறைவா, அளவு பெரிதா என்று அதில் தெரிந்துவிடும்.

* பழைய ரிப்போர்ட்களை போனில் சேமிச்சு வைங்க. பல வருஷமாக ஒரே மாதிரி இருந்தால், டாக்டருக்கு அதுவே பெரிய துப்பு.

* ஈறு, மூக்கில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுப்பாக மலம் போவது... இவற்றில் ஒன்று இருந்தாலும், ரிப்போர்ட்டில் எந்த எண் இருந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க!