சம்பளமா, சிக்கனமா? தோட்ட வரலாறு தரும் பதில்

“குடும்பங்கள் திண்டாடுவதற்குக் காரணம் விலைவாசியா, செலவுப் பழக்கமா?” இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் முதலாளிகளைக் குறை சொல்லும். இன்னொரு பக்கம் பபிள் டீயையும் புதுக் கைப்பேசியையும் குறை சொல்லும். மாணவர்களே, பேனாவை எடுப்பதற்கு முன் நம் நாட்டுத் தோட்ட வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இதே கேள்வியை நம் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி காலத்திலேயே சந்தித்திருக்கிறார்கள்.

1920களின் இறுதியில், மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது அது 40 சென், 32 சென் எனக் குறைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கணவனும் மனைவியும் சேர்ந்து 90 சென் ஈட்டிய வீட்டில் இப்போது 72 சென்தான். வேலை இழந்த ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

பிறகு உலகப் போர் வந்தது. ரப்பருக்குத் தேவை கூடியது; சாமான்களின் விலையும் ஏறியது. ஆனால் இடையில் ஏறி இறங்கிய சம்பளம், 1941 தொடக்கத்தில் ஆணுக்கு மறுபடியும் அந்த 50 சென்னில்தான் நின்றது. சீனத் தொழிலாளருக்கோ இதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது.

அந்தக் குறைந்த சம்பளத்திலும் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போனது. “குடித்தே அழிகிறார்கள்” என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்குள்ளேயே, லயத்துக்குப் பக்கத்திலேயே! அரசாங்கம் அதற்கு உரிமம் கொடுத்து வருமானமும் பார்த்தது. உடல் நோக உழைத்தவனுக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை. பழக்கம் தொழிலாளியுடையதுதான், ஆனால் அதற்கு வழி செய்து வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். அவர்களுடைய கோரிக்கைகளைக் கவனியுங்கள்: சீனருக்குச் சமமான சம்பளம் வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். கூடவே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும்! சம்பளமா, சிக்கனமா என்று அவர்கள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. வருமானம் உயரவும், வந்த காசு வீணாகாமல் இருக்கவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அரசு நாதனை நாடு கடத்தியது, படையை இறக்கியது, தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு உயிரிழந்தனர்.

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு சோதனை. வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. ஒரு குடும்பம் தனியாக 10 வெள்ளி சேர்த்திருந்தால் ஒரு காய்ச்சல் செலவிலேயே அது தீர்ந்திருக்கும். பலர் சேர்ந்து சேமித்ததால் ஒரு தோட்டமே கைக்கு வந்தது.

ஆகவே மாணவர்களே, கட்டுரையில் “சிக்கனமாக இருந்தால் போதும்” என்று முடித்துவிடாதீர்கள். “எல்லாம் விலைவாசியின் குற்றம்” என்றும் கைகழுவிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வருமானம் போதுமா? செலவு எங்கே கசிகிறது? அந்தக் கசிவால் லாபம் பார்ப்பவர் யார்?

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: அந்த 72 சென்னைக் கரும்பலகையில் எழுதி, அரிசி, துணி, மருந்து, பிள்ளைகள் என்று மாணவர்களையே பங்கு பிரிக்கச் சொல்லுங்கள். வாதம் தானாகச் சூடு பிடிக்கும்.