சாரதிக்கு வந்த பரீட்சை



வண்டியோட்டப் பழகியவர் பரீட்சையில் தேறிய பின்னரே சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவது இன்று யாவரும் அறிந்த முறை. பிரித்தானியாவிலோ நெடுங்காலம் அப்பத்திரம் 5 சிலிங் செலுத்தினாற் கிடைத்தது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் 17 வயது நிரம்பியதா என்று பார்த்தது. ஓட்டத் தெரியுமா என்று பார்க்கவில்லை.

அதன் பயனை வீதியிற் சென்றோர் அனுபவித்தனர். 1934இல் மாத்திரம் 7,343 பேர் வீதி விபத்துக்களில் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பாதசாரிகள். அவ்வாண்டிற் புதிய சட்டம் பிறந்தது. லெஸ்லி ஹோர்-பெலிஷா போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், 1935 யூன் 1ஆம் திகதி பரீட்சை கட்டாயமாயிற்று. அதன் கட்டணம் 7 சிலிங் 6 பென்சு. பரீட்சை நிலையங்கள் அப்போது இல்லாமையால், பரீட்சகர் புகையிரத நிலையம் போன்ற பொது இடங்களிற் பயிலுநரைச் சந்தித்தார். பயிலுநர் யன்னலுக்கு வெளியே கைநீட்டிச் சைகை காட்டித் தம் தேர்ச்சியை நிறுவினார்.

எனினும், 1934 ஏப்பிரில் மாதத்துக்கு முன்னரே ஓட்டத் தொடங்கியவர்க்குப் பரீட்சை இல்லை. சட்டம் வருவதற்குக் காரணமாயிருந்த சாரதிகள் பலர் சோதிக்கப்படாமலே வண்டியோட்டி வந்தனர். போர் மூண்டதும் 1939இல் நிறுத்தப்பட்ட பரீட்சை 1946இலேயே மீண்டது.

பரீட்சை என்றதும் பயிலுநர் மனம் கலங்குவது இயல்பு. முகமறியாத பாதசாரி ஒருவர் அச்சமின்றி வீதியைக் கடப்பதற்காகவே அச்சோதனை ஏற்பட்டதென்பதை நினைத்தால், அக்கலக்கம் பொறுப்புணர்ச்சியாக மாறும்.