கீத ராமாயணமும் மறைந்துபோன குரல்களும்

வாகடில் எங்கள் குடியிருப்பில் இராமநவமிதோறும் ஒலிபெருக்கியில் கேட்பது ஒரே குரல்: சுதீர் பட்கேயினுடையது. மராத்தியர்க்குக் 'கீத ராமாயணம்' என்றாலே அக்குரல்தான். ஆயினும் புணே வானொலியில் அது பிறந்தபோது பலர் கூடிப் பாடிய தொடராக இருந்தது.

பின்னணியைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பா. வி. கேஸ்கர் மராத்தியர், செவ்வியல் இசையில் தீராப் பற்றுடையவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தன. கேட்போர் வானொலி முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். இலங்கை வானொலியின் 'பினாகா கீத்மாலா' கொழித்தது. அவ்வெற்றிடத்தை நிரப்ப நிலையங்கள் தாமே மெல்லிசை ஆக்க முனைந்தன. நம் சென்னை, திருச்சி நிலையங்களின் மெல்லிசைப் பாடல்களும் இம்மரபில் வந்தவையே.

புணே நிலையம் 1953 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் நிகழ்ச்சிப் பொறுப்பிலிருந்த சீதாகாந்த் லாட், தம் நண்பரான கவிஞர் க. தி. மாட்கூல்கரை அணுகினார். இசையமைக்க வந்தவர் பட்கே. இருவருமே திரையுலகில் பேர் பெற்றவர்கள்! திரையிசைக்குக் கதவடைத்த வானொலியின் பெருவெற்றி, திரைக்கலைஞர் இருவரின் கையால் விளைந்தது.

1955 ஏப்ரல் 1, இராமநவமியன்று முதற்பாடல் ஒலித்தது. எழுதித் தந்த தாளைப் பட்கே தொலைத்துவிட, லாட் கவிஞரை ஓர் அறையில் வைத்துப் பூட்டி மீண்டும் எழுதி வாங்கினார் என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. வாரம் ஒரு பாடல் என்பது ஏற்பாடு. அவ்வாண்டில் அதிக மாதம் வந்தமையால் 52 என்று எண்ணியது 56 ஆயிற்று. 1956 ஏப்ரல் 19, அடுத்த இராமநவமியன்று நிறைவுற்றது. ஒலிபரப்பு நேரத்தில் வானொலிப் பெட்டிக்கு மாலையிட்டுக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டனர். நாளிதழ்கள் பாடல் வரிகளை வெளியிட்டன.

பாடியவர் யாவர்? பட்கேயுடன் மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே, பபன்ராவ் நாவ்டிகர், ராம் பாடக், மாலதி பாண்டே, சுமன் மாடே, லலிதா பட்கே, லதா மங்கேஷ்கர். தேஷ்பாண்டே அந்நாளில் இராணுவக் கணக்குத் துறையில் எழுத்தராக இருந்தவர். பகலில் பேரேடு, மற்ற வேளையில் பாட்டு. பட்டியலில் ஜானகி ஐயர் என்றொரு பெயரும் உண்டு. தமிழ்க்கண் அங்கே ஒரு கணம் நின்றுவிடும். பாத்திரத்துக்கு ஏற்பக் குரல் மாறியது. சீதையின் துயரைப் பெண்குரலே பாடியது.

1965இல் எச்.எம்.வி. நிறுவனம் இதைப் பத்து இசைத்தட்டுகளாக வெளியிட்டது. அனைத்தையும் பாடியவர் பட்கே ஒருவரே. அவர் பாடியது குறையுடையதன்று. நானே பலமுறை கேட்டு உருகியிருக்கிறேன். ஆனால் வீடுகளில் தங்கியது இசைத்தட்டு. வானொலி ஒலித்த கணமே காற்றோடு போயிற்று. உரையாடலாக இருந்த காவியம் இவ்வாறு ஒருவரின் கதாகாலட்சேபம்போல் நிலைபெற்றது. உள்ளூர்க் கலைஞர் பலருக்கு மேடையான நிகழ்ச்சியில், பொதுநினைவு ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டது.

நம் மெல்லிசைப் பாடகர்க்கு இசைத்தட்டும் வாய்த்ததில்லை. அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் 'வானொலி' இதழின் நிகழ்ச்சி நிரலில்தான் அச்சாகியுள்ளன. உங்கள் வீட்டுப் பரணில் அவ்விதழ்கள் கிடந்தால், பழைய தாள் வாங்குபவரிடம் போடுமுன் அந்தப் பக்கங்களையாவது படமெடுத்து அனுப்புங்கள்.