காரை அணைச்சாச்சு... விசிறி மட்டும் ஏன் சுற்றுகிறது?

ஜொகூரிலிருந்து கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்து, வீட்டுக்குக் கீழே காரை நிறுத்துகிறீர்கள். இயந்திரம் நின்றாச்சு. ஆனால் போனட்டுக்குள் இன்னும் "உர்ர்ர்" சத்தம்!

பதற வேண்டாம். பெரும்பாலும் அது பழுதல்ல.

கார் ஓடும்போது கூலண்ட் வழக்கமாக 90 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். இயந்திரத்தின் உலோகப் பகுதிகள் சில அதைவிடச் சூடு. இயந்திரத்தை அணைத்ததும் பல கார்களில் கூலண்டைச் சுழற்றும் பம்ப்பும் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய சூடு, அசையாமல் நிற்கும் கூலண்டுக்குள் இறங்கும். அதனால் காரை அணைத்த பிறகு வெப்பநிலை குறையாமல், கொஞ்ச நேரத்துக்கு ஏறவே செய்யும்! சென்சர் அதைக் கண்டுபிடித்ததும் பேட்டரி மின்சாரத்தில் விசிறி சுற்றும். ரேடியேட்டரையும் போனட்டுக்குள் அடைபட்ட காற்றையும் தணிக்கும். சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். (எல்லாக் கார்களும் இப்படியில்லை. சிலவற்றில் சாவியைத் திருப்பியதுமே விசிறி அடங்கிவிடும்.)

கால் மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லையா? காலையில் குளிர்ந்திருக்கும் காரிலும் சுற்றுகிறதா? ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், சென்சர் கெட்டிருக்கலாம். பட்டறையில் காட்டுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி காலியாகிவிடும்.

இன்னொன்று முக்கியம். நின்றிருக்கும் விசிறியும் திடீர்னு சுற்ற ஆரம்பிக்கலாம். போனட்டைத் திறந்தால் விரல், கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டை எதுவும் அதன் அருகே போகக்கூடாது. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் கொதித்துக்கொண்டு முகத்தில் பீறிடும்.