ஸ்பார்க்ஸ்டேஷன் 2: பழைய யுனிக்ஸ் பணிநிலையம் ஒன்றை உயிர்ப்பித்தல்

ஸ்பார்க்ஸ்டேஷன் 2 என்பது அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990 ஆம் ஆண்டு வெளியிட்ட யுனிக்ஸ் பணிநிலையக் கணினி ஆகும். பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பொறியியல் அலுவலகங்களிலும் பயன்பட்ட இவ்வகைக் கணினிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் வீடுகளிலும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை மின்சாரம் கொடுத்தாலும் உடனே இயங்குவதில்லை. பழுதடைந்தது செயலி அன்று. கணினி தான் யார் என்பதை மறந்துவிட்டது. அந்த மறதி எப்படி வந்தது, அதை எவ்வாறு நீக்குகிறார்கள், இயக்குதளத்தை மீண்டும் எவ்வாறு நிறுவுகிறார்கள் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பணிநிலையம் என்பது என்ன?

1970களில் யுனிக்ஸ் இயக்குதளம் பெரும்பாலும் சிறுகணினிகள் எனப்பட்ட இயந்திரங்களில் இயங்கியது. பெயர்தான் சிறுகணினி, அளவில் அவை அலமாரியை ஒத்தவை. ஒரு கணினியைப் பலர் முனையங்கள் வழியே பகிர்ந்துகொண்டனர். ஒருவருக்கு ஒரு கணினி, பெரிய திரை, வலையமைப்பு இணைப்பு, முழுமையான பல்பணி இயக்குதளம் ஆகிய அனைத்தையும் மேசைமேல் தருவதே பணிநிலையத்தின் நோக்கம். அக்காலத்து வீட்டுக் கணினியைவிட அது பலமடங்கு விலை உயர்ந்தது.

சன் நிறுவனம் 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆன்டி பெக்டோல்ஷைம், இந்தியாவில் பிறந்த வினோத் கோஸ்லா, ஸ்காட் மெக்நீலி ஆகியோர் அதன் நிறுவனர்கள். பெர்க்லியில் யுனிக்ஸை வளர்த்தெடுத்த பில் ஜாய் விரைவில் அவர்களுடன் சேர்ந்தார். ‘சன்’ என்ற பெயர் கதிரவனைக் குறிப்பதன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வலையமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தது.

முதலில் மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளைப் பயன்படுத்திய சன், 1987 இல் ‘ஸ்பார்க்’ என்னும் சொந்தச் செயலிக் கட்டமைப்புக்கு மாறியது. 1989 இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அடுத்த ஆண்டு வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 2 இன் வேகம் 40 மெகாஹெர்ட்ஸ். ஏறத்தாழ 16 அங்குலச் சதுரத்தில் மூன்று அங்குல உயரமே கொண்டிருந்ததால் இவற்றின் பெட்டியைப் ‘பீட்சா பெட்டி’ என்று அழைத்தனர்.

சன் ஓஎஸ் இயக்குதளம்

யுனிக்ஸ் 1969 இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதில் பல மாற்றங்கள் செய்து பிஎஸ்டி என்ற பெயரில் வெளியிட்டது. சன் ஓஎஸ் அந்தப் பெர்க்லி மரபைச் சேர்ந்தது. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பான சன் ஓஎஸ் 4.1.4, 1994 இல் வந்தது. அதற்கு முன்பே, 1992 முதல், சன் நிறுவனம் சிஸ்டம் 5 மரபைச் சேர்ந்த சொலாரிஸ் 2 இயக்குதளத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. ஸ்பார்க்ஸ்டேஷன் 2 சொலாரிஸ் 7 வரை ஏற்கும். ஆனாலும் இக்கணினியின் காலச்சூழலை அப்படியே காண விரும்புவோர் சன் ஓஎஸ் 4 ஐயே தேர்ந்தெடுக்கின்றனர்.

மறதிக்குக் காரணமான சில்லு

கணினியின் தாய்ப்பலகையில் எம்கே48டி02 என்ற ஒரு சில்லு உண்டு. அதன் கொள்ளளவு 2 கிலோபைட் மட்டுமே. மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தைக் காட்டும் கடிகாரம், தொடக்க அமைப்புகள், கணினியின் அடையாள எண்கள் ஆகியவை அதில் உள்ளன. அவற்றைக் காப்பதற்கான லித்தியம் பேட்டரி வெளியே தெரியாது. சில்லின் உடலுக்குள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கும். கைக்கடிகாரத்தைப் போலத் திறந்து பேட்டரி மாற்ற வழியில்லை. அதன் ஆயுள் பத்தாண்டு அளவிலேயே கணக்கிடப்பட்டிருந்தது. அதாவது, கணினி தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போதே மறதிக்கான நாளும் அதனுடன் சென்றது.

பேட்டரி தீர்ந்ததும் இரண்டு அடையாளங்கள் அழிகின்றன. ஒன்று, வலையமைப்பில் கணினியைக் குறிக்கும் ஈதர்நெட் முகவரி. மற்றொன்று ‘ஹோஸ்ட் ஐடி’ எனப்படும் எண். அக்காலத்தின் விலையுயர்ந்த பொறியியல் மென்பொருள்கள் பலவற்றின் உரிமச் சாவி இந்த ஹோஸ்ட் ஐடியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. எண் அழிந்தால், வன்தட்டில் மென்பொருள் முழுமையாக இருந்தும் திறக்க மறுக்கும். அதில் வரைந்த வரைபடங்களும் உடன் முடங்கும். ரூபாய் மதிப்பில் மிகச் சிறிய ஒரு பேட்டரி, ஓர் ஆய்வுக்கூடத்தின் பல ஆண்டு உழைப்பை இவ்வாறு பூட்டிவிட முடியும்.

இந்நிலையிலுள்ள கணினியை இயக்கினால், அடையாள விவரம் செல்லாது என்ற செய்தி திரையில் தோன்றும். ஈதர்நெட் முகவரியின் எல்லா இலக்கங்களும் ‘எஃப்’ எனக் காட்டப்படுவதும் உண்டு.

முதல் வேலை: நகலெடுத்தல்

புதிதாக இயக்குதளத்தை நிறுவுவது என்பது வன்தட்டில் இருப்பதை அழிப்பதே ஆகும். எனவே நிறுவலுக்கு முன் பழைய வன்தட்டை முழுமையாக நகலெடுக்க வேண்டும். இதற்கு அதைக் கழற்றி, ஸ்கசி அட்டை பொருத்திய வேறொரு கணினியில் இணைத்து, ‘டிடி’ என்ற யுனிக்ஸ் கட்டளையால் முதல் பைட் முதல் கடைசி பைட் வரை ஒரே கோப்பாக எடுப்பர். முன்னாள் உரிமையாளரின் கடிதங்களோ தனிப்பட்ட கோப்புகளோ அதில் இருக்கலாம். அவற்றை வெளியிடாமல் காப்பது நகலெடுப்பவரின் பொறுப்பு.

மின்வழங்கியையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பல ஆண்டுகள் கிடந்த மின்தேக்கிகள் கசிந்திருக்கலாம். பழைய வன்தட்டில் படிக்கும் முனை தட்டோடு ஒட்டிக்கொண்டு, தட்டு சுழலாமல் நிற்பதும் உண்டு. இயங்கும் வன்தட்டு கிடைக்காதபோது, ஸ்கசி வன்தட்டைப் போல நடிக்கும் சிறு மின்னணுப் பலகையையும் நினைவக அட்டையையும் பயன்படுத்துகின்றனர்.

அடையாளத்தை மீட்டல்

சில்லை இரண்டு வழிகளில் சரிசெய்யலாம். முதலாவது, மாற்றுச் சில்லு வாங்குவது. ஆனால் பழைய இருப்பில் கிடக்கும் சில்லுகளின் பேட்டரியும் அலமாரியில் இருந்தபடியே முதுமையடைந்திருக்கும். இரண்டாவது, சில்லின் மேற்பகுதியை அரத்தால் மெதுவாகத் தேய்த்து, உள்ளே உள்ள பேட்டரித் தொடர்பை வெட்டி, வெளியே 3 வோல்ட் பட்டன் பேட்டரிக்கான தாங்கியைச் சால்டர் வைத்து இணைப்பது. இதன்பின் பேட்டரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாணவர்கள் இதை அனுபவமுள்ளவர் துணையின்றிச் செய்யக் கூடாது.

பேட்டரி வந்தாலும் எண்கள் தாமாகத் திரும்பி வாரா. அவற்றைக் கையால் எழுத வேண்டும். விசைப்பலகையில் எல்1 விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தினால் ‘ஓப்பன் பூட்’ என்னும் தொடக்க நிரல் கட்டளைக்குக் காத்திருக்கும். அதன் அழைப்புச் சொல் ‘ஓகே’. இந்நிரல் ஃபோர்த் என்ற கணினி மொழியில் அமைந்தது. ஆதலால் இயக்குதளம் எதுவும் இல்லாத நிலையிலேயே கணக்குப் போடும். 2, 3, கூட்டல் குறி, புள்ளி ஆகியவற்றை இடைவெளி விட்டுத் தட்டினால் 5 என்று விடை தரும்.

அடையாளப் பகுதி 16 பைட்டுகள் கொண்டது. முதல் பைட் 01. இரண்டாவது கணினியின் வகை; ஸ்பார்க்ஸ்டேஷன் 2 க்கு அது பதினறும முறையில் 55. அடுத்த ஆறு பைட்டுகள் ஈதர்நெட் முகவரி. சன் நிறுவனத்துக்கு உரிய 08:00:20 என்ற தொடக்கம் இதில் வரும். அடுத்த நான்கு தேதி, அடுத்த மூன்று ஹோஸ்ட் ஐடியின் பகுதி. கடைசி பைட் சரிபார்ப்பு எண். முதல் 15 பைட்டுகளையும் ‘எக்ஸ்ஓஆர்’ என்ற தருக்கச் செயலால் ஒன்றோடொன்று சேர்த்தால் அந்த எண் கிடைக்கும். ஒரு பைட் தவறினாலும் இந்த எண் ஒத்துவராது. கணினி அடையாளத்தை ஏற்க மறுக்கும்.

பழைய எண் எங்கேனும் எழுதி வைக்கப்பட்டிருந்தால் அதையே மீண்டும் எழுதுவதே முறை. பழைய உரிமச் சாவிகளும் அப்போதுதான் பொருந்தும். எண் கிடைக்காவிட்டால் பலரும் பின்பற்றும் வேடிக்கையான மரபு ஒன்று உண்டு. பதினறும எண்முறையில் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் இலக்கங்களே. அவற்றோடு சுழியத்தை ஓ என்ற ஆங்கில எழுத்தாகக் கொண்டு, ‘காபி’ என்பதன் ஆங்கில எழுத்துக் கூட்டலையே முகவரியின் கடைசி ஆறு இலக்கங்களாக எழுதிவிடுவர். ஒரே வலையமைப்பில் இரண்டு ‘காபி’க் கணினிகள் இருந்தால் மட்டும் முகவரி மோதும்.

இம்முறைகள் பரவக் காரணம், பயனர்கள் தாங்களே கண்டறிந்து எழுதிப் பகிர்ந்துகொண்ட குறிப்புகள் ஆகும். 2010 இல் சன் நிறுவனமே ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. குறிப்புகள் நின்றன.

இயக்குதளத்தை நிறுவல்

சன் ஓஎஸ் குறுந்தகட்டிலிருந்து நிறுவப்படுகிறது. இங்கே ஒரு தடை உண்டு. பொதுவான குறுந்தகட்டு இயக்கிகள் தரவை 2,048 பைட் தொகுதிகளாகத் தரும். சன் கணினியோ வன்தட்டைப் போல 512 பைட் தொகுதிகளை எதிர்பார்க்கும். ஆகவே அந்த அளவுக்கு மாறக்கூடிய இயக்கியே தேவை. ஸ்கசி இணைப்பில் குறுந்தகட்டு இயக்கிக்கு 6 ஆம் எண்ணும், முதல் வன்தட்டுக்கு 3 ஆம் எண்ணும் வழக்கம். எல்லாம் சரியாக இணைந்துள்ளனவா என்பதை ஓப்பன் பூட்டில் ‘புரோப்–ஸ்கசி’ என்ற கட்டளை காட்டும்.

‘பூட் சிடிராம்’ என்று கட்டளையிட்டால் குறுந்தகட்டிலிருந்து ஒரு சிறு அமைப்பு ஏறும். வன்தட்டு அதற்குத் தெரியாத வகையாக இருந்தால் உருளைகள், முனைகள், தடத்துக்கு எத்தனை தொகுதிகள் என்ற விவரங்களைக் கேட்கும். இந்த மூன்றையும் 512 ஐயும் பெருக்கினால் கொள்ளளவு வரும். எடுத்துக்காட்டாக 1,000 உருளை, 10 முனை, 50 தொகுதி எனில் 25,60,00,000 பைட்டுகள்.

பிறகு ‘மினிரூட்’ எனப்படும் குறுகிய யுனிக்ஸ் அமைப்பு, வன்தட்டின் ஸ்வாப் பகுதியில் நகலெடுக்கப்படும். கணினி அங்கிருந்து மீண்டும் தொடங்கும். வீடு கட்டும்போது பக்கத்தில் கொட்டகை போட்டுத் தங்குவதைப் போன்றது இது. கொட்டகையிலிருந்தபடி ‘சன்இன்ஸ்டால்’ நிரலை இயக்க, அது கணினியின் பெயர், நேர மண்டலம், வலையமைப்பு விவரம், வேண்டிய மென்பொருள் பகுதிகள் ஆகியவற்றைக் கேட்டு உண்மையான அமைப்பை எழுதும். வேலை முடிந்ததும் கொட்டகை இருந்த இடம் மீண்டும் ஸ்வாப் பகுதியாகிவிடும்.

திரையோ விசைப்பலகையோ இல்லாதவர்கள், தொடர் இணைப்புக் கம்பி வழியே நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் வேறொரு கணினியிலிருந்து இவை அனைத்தையும் செய்யலாம். விசைப்பலகை இணைக்கப்படாதபோது ஸ்பார்க்ஸ்டேஷன் தானாகவே அந்த வழியில் பேசும்.

பாதுகாப்பு

நிறுவிய கணினியை நேராக இணையத்தில் இணைக்கக் கூடாது. சன் ஓஎஸ் 4 உடன் வந்த ஒரு கோப்பில் கூட்டல் குறி ஒன்று இருந்தது. அதன் பொருள், வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளையும் நம்பு என்பதாகும். 1988 இல் பரவிய மோரிஸ் புழு, சன்–3 கணினிகளையும் தாக்கியது. அந்தக் கூட்டல் குறியை நீக்குவதும், கணினியைத் தனி வலையமைப்பில் வைப்பதும் நிறுவலின் இறுதிப் படிகள்.

வரலாற்று முக்கியத்துவம்

கண்ணாடிப் பேழைக்குள் வைத்த கணினி, அதன் பெட்டி எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அதில் எழுதப்பட்டது என்ன, எப்படி வேலை செய்தார்கள் என்பவற்றை இயங்கும் கணினியே சொல்லும். ஓலைச்சுவடியை இழக்காமல் காத்தவர்கள், செல்லரிக்குமுன் அதைப் படியெடுத்தவர்களே. கணினியின் சுவடிக்கும் அதே விதி பொருந்தும். செல்லின் இடத்தில் இங்கே பேட்டரி இருக்கிறது.

பழைய கணினி கிடைக்காத மாணவர்கள் ‘கியூஇஎம்யு’ என்ற கட்டற்ற மென்பொருளின் மூலம் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 ஐத் தம் கணினியிலேயே உருவகித்துப் பயிலலாம். பழைய கணினி கிடைத்தவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை எளிது. பேட்டரி இன்னும் தீராதிருந்தால், தொடக்கத்தில் திரையில் வரும் ஈதர்நெட் முகவரியையும் ஹோஸ்ட் ஐடியையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டும்.