கடவுச்சொல் கேட்காத சூடோ

லினக்ஸ் கணினியில் நிர்வாகி அதிகாரம் வேண்டும் கட்டளைகளைக் கடவுச்சொல் தராமலே இயக்க ஒரு பயனருக்கு இடமளிக்கும் அமைப்பு. சூடோ நிரல் 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. உரிமைகளைச் சூடோயர்ஸ் கோப்பு வரையறுக்கிறது. அதில் பயனரின் வரியில் கடவுச்சொல் விலக்குக் குறியைச் சேர்த்தால் கேள்வி நின்றுவிடும். அந்தக் கோப்பைத் திருத்த விசூடோ என்ற கருவியையே பயன்படுத்த வேண்டும். இலக்கணப் பிழை இருந்தால் அது சேமிக்கும்போதே எச்சரிக்கும்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், டெபியன் வழிவந்த போஸ் லினக்ஸை விண்டோஸுடன் சேர்த்துத் மாணவர்களின் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. போஸை உருவாக்கியது சி-டாக் நிறுவனம்.

இத்தகைய வீட்டுக் கணினிதானே என்று முழு விலக்கு அளிப்பது தவறு. கணினியைக் கையில் வைத்திருப்பவர், வட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், பென்டிரைவ் வழியாகவே உள்ளே நுழைந்துவிடலாம். எனவே கடவுச்சொல் முக்கியமாகக் காப்பது தீய நிரல்களிடமிருந்து: விலக்கு இருந்தால், அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் ஓசையின்றி முழு அதிகாரம் பெற முடியும். கணினியை அணைப்பது போன்ற ஓரிரு கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு தரலாம். உரைத்தொகுப்பிக்குத் தரவே கூடாது. அதன் வழியே எந்தக் கோப்பையும் மாற்றலாம். டெபியனில் ஒருமுறை தந்த கடவுச்சொல் இயல்பாக 15 நிமிடம் செல்லும். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.