சுண்ணாம்பு நிலப் புல்வெளி மீளமைப்பு

சுண்ணாம்பு நிலப் புல்வெளி மீளமைப்பு என்பது, சீமைச்சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல் ஆகிய பாறைகளின் மீது அமைந்திருந்து அழிந்துபோன புல்வெளிகளைப் பரந்த அளவில் மீண்டும் உருவாக்கும் இயற்கைப் பாதுகாப்புப் பணி ஆகும். தென் இங்கிலாந்து இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

இயல்பு

இந்நிலங்களில் மண் மெல்லியது, நீர் விரைவில் வடிந்துவிடும், வளமும் குறைவு. இவ்வளக்குறைவே இப்புல்வெளியின் செழுமைக்குக் காரணமாகும். வீரியமான புற்கள் ஓங்கி வளர்ந்து ஏனையவற்றை நெருக்க இயலாததால், ஒரு சதுர மீட்டரில் 40 வரையிலான தாவர இனங்கள் கூடக் காணப்படுகின்றன. எனினும் இது மனிதத் தொடர்பற்ற காட்டுநிலம் அன்று. பல நூற்றாண்டுகால ஆட்டு மேய்ச்சலால் உருவானது. மேய்ச்சல் நின்றால் உயரமான புல்லும், பின்னர் முட்புதரும் மூடிவிடும்.

அழிவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவின் சீமைச்சுண்ணாம்புப் புல்வெளிகளில் ஏறத்தாழ 80% அழிந்தது. உழவும் செயற்கை உரமும் முதன்மைக் காரணங்கள். ஏர் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளே பெரும்பாலும் எஞ்சின. வில்ட்ஷயரிலுள்ள சாலிஸ்பரி சமவெளி இதற்கு விலக்காகும். 1897 முதல் இராணுவம் அங்கு நிலம் வாங்கத் தொடங்கியதால், பீரங்கிப் பயிற்சி நடந்த இடங்களில் நவீன வேளாண்மை நுழையவில்லை.

பெரிய நீல வண்ணத்துப்பூச்சி

இவ்வினம் 1979 இல் பிரித்தானியாவில் அற்றுப்போனது. பூச்சி சேகரிப்போர் மீதே நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தவர் சூழலியலாளர் ஜெரமி தாமஸ் ஆவார். இதன் புழு முதலில் காட்டுத் தைம் செடியின் பூக்களை உண்கின்றது. பின்னர் தரையில் விழுந்து, எறும்புக் குஞ்சு போல நடித்து, மிர்மிக்கா சபுலெட்டி என்னும் சிவப்பு எறும்பின் புற்றுக்குள் எடுத்துச் செல்லப்படுகின்றது. அங்கு ஏறத்தாழ பத்து மாதங்கள் எறும்பின் குஞ்சுகளையே தின்று வளர்கின்றது. இவ்வெறும்புக்கு வெயில்படும் சூடான தரை தேவை. மேய்ச்சல் குறைந்ததாலும், 1953 இல் பரவிய மிக்சோமட்டோசிஸ் நோயால் முயல்கள் மடிந்ததாலும் புல் உயர்ந்து தரை குளிர்ந்தது, எறும்பு அருகியது, வண்ணத்துப்பூச்சியும் மறைந்தது. தைம் செடி இருந்தும் பயனில்லை. வேலியிட்டு நிலத்தைத் தொடாமல் விடுவது இங்கு பாதுகாப்பு ஆகாது.

1983 முதல் சுவீடனிலிருந்து கொணர்ந்து இவ்வினம் மீண்டும் விடப்பட்டது. மேய்ச்சல் சீர்செய்யப்பட்ட சமர்செட்டின் போல்டன் குன்றுகளில் இது நன்கு நிலைபெற்றுள்ளது.

முறைகள்

உழுநிலத்தை மாற்றுவது கடினம், ஏனெனில் பழைய உரத்தின் பொசுபரசு மண்ணில் நெடுங்காலம் தங்கும். உரமிடாது பயிரிட்டு அறுத்தோ, மேல்மண்ணை அகற்றியோ வளம் குறைக்கப்படுகின்றது. அருகிலுள்ள பழைய புல்வெளியின் விதையோ பசும் வைக்கோலோ பரப்பப்படுகின்றது. புல்லின் வேரை உறிஞ்சும் யெல்லோ ராட்டில் என்னும் பகுதி ஒட்டுண்ணிச் செடியும் புற்களை அடக்க உதவுகின்றது. அதன் பின்னர் ஆடு மாடுகள் மேயவிடப்படுகின்றன.

தனித்த துண்டுகளில் இனங்கள் எளிதில் அற்றுப்போவதால், துண்டுகளை இணைப்பது முக்கியமாகும். சாலிஸ்பரி சமவெளிக்கும் போர்ட்டன் டவுன் புல்வெளிக்கும் இடையிலுள்ள வின்டர்போர்ன் டவுன்சு பண்ணைநிலத்தை, பறவைகள் பாதுகாப்புக்கான அரச கழகம் இந்நோக்கத்துடன் புல்வெளியாக மாற்றி வருகின்றது. சாலிஸ்பரி சமவெளியில் முன்பு உழப்பட்ட நிலங்களை ஆராய்ந்தபோது, பழைய தாவரக் கூட்டம் முழுமையாகத் திரும்ப நூறாண்டுகளுக்கு மேல் ஆவது தெரியவந்தது. ஆகவே எஞ்சியுள்ள பழைய துண்டுகளைக் காப்பதற்கே இப்பணிகளில் முதலிடம் அளிக்கப்படுகின்றது.